ஒலோடும்: சால்வடோரில் இரண்டு செவ்வாய்க்கிழமைகள்

கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்ப்பவனுக்குக் காது பாதி நாள் மூடியே இருக்கும். காதடைப்பான் இல்லாமல் உள்ளே இறங்க முடியாது. அதனால் இயந்திரம் நலமா என்பதைப் பாதத்தால் கேட்கப் பழகிவிடுவோம். ஒரு பம்பில் பேரிங் தேய ஆரம்பித்தால், அந்த அதிர்வு காதுக்கு எட்டுவதற்கு முன்னாலேயே இரும்புத் தட்டு வழியாகக் குதிகாலுக்கு வந்துவிடும். செகண்ட் இன்ஜினியராகப் பல வருடம் ஓட்டியவன் நான். பாட்டுக் கேட்கும்போதும் அந்தப் பழக்கம் போவதில்லை. நல்ல ஸ்பீக்கர் கிடைத்தால் முதலில் செருப்பைக் கழற்றிவிடுவேன்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரேசிலில் சால்வடோர் நகரத்தின் கார்னிவல் என்ற தெருத் திருவிழாவில் முரசு வாசிக்கும் குழுவான ஒலோடும், செவ்வாய்க்கிழமை இரவுகளில் நடத்தும் நிகழ்ச்சியை அடுத்தடுத்து இரண்டு வாரம் பார்த்தேன். முதல் வாரம் வெறுமனே திரும்பி வந்தேன். இரண்டாம் வாரம் திரும்பும்போது முழங்கால் வரைக்கும் அதிர்வு மிச்சமிருந்தது. அதே குழு, அதே சதுக்கம், ஏறக்குறைய அதே பாட்டுகள். நான் நின்ற இடம் மட்டும் வேறு. முதல் வாரம் நான் கோட்டைவிட்டதை இனிப் போகிறவர்கள் கோட்டைவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் கப்பல் உரம் ஏற்றி வந்த பல்க் கேரியர். சால்வடோர் விரிகுடாவின் உட்பக்கம் இருக்கும் அராட்டு துறைமுகத்தில் சரக்கு இறக்கினோம். ஜெனரேட்டருக்கு வர வேண்டிய உதிரிப்பாகம் தாமதமானதால் பத்து நாள் நிற்க வேண்டியதாயிற்று. ஜனவரி மாதம், கார்னிவலுக்கு முந்தைய வாரங்கள். கரையில் இறங்கி வாசலைக் கடக்கும்போது, என் ஊர் எது என்று கேட்ட காவலாளி 'இந்தியா' என்றதும் தலைப்பாகை சுற்றுவது போலக் கையைச் சுழற்றி 'காந்தி!' என்றார். உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, சால்வடோர் கார்னிவலில் 'காந்தியின் பிள்ளைகள்' என்றே ஒரு குழு இருக்கிறது. 1949 பிப்ரவரியில், காந்தி சுடப்பட்ட மறு வருடம், சால்வடோர் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் ஆரம்பித்தது. வெள்ளைத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி, நீலமும் வெள்ளையும் கோத்த மணிமாலை போட்டு, ஆயிரக்கணக்கான ஆண்கள் இன்றைக்கும் ஊர்வலம் போகிறார்கள். துறைமுகத்திலேயே வாழ்க்கையைக் கழிக்கிற எனக்கு, கார்னிவல் என்றால் என்ன என்று முதலில் சொல்லிக் கொடுத்தது துறைமுகக் கூலிக்காரர்கள்தான் என்பதில் பெரிய சந்தோஷம்.

சால்வடோர் இரண்டு அடுக்கு ஊர். கீழ் ஊர் கடலை ஒட்டி, மேல் ஊர் மலை விளிம்பில். நடுவில் லசெர்டா லிஃப்ட், 72 மீட்டர் உயரம், 1873-லிருந்து ஓடுகிறது. அரை நிமிடத்தில் மேலே போய்விடலாம். மேலே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் பெலோரின்யோ. கருங்கல் பாவிய சரிவான தெருக்கள், மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு என்று நிறம் பூசிய பழைய மாடி வீடுகள். அந்தப் பெயருக்கு அர்த்தம் கசையடிக் கம்பம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவந்த அடிமைகளை ஊர் பார்க்கக் கட்டிவைத்து அடித்த இடம். 1549-லிருந்து 1763 வரை பிரேசிலின் தலைநகரம் இதுதான். வரைபடத்தில் அழகான பெயராகத் தெரிவதால் பலரும் இதைக் கேட்காமலே போட்டோ எடுத்துவிட்டுப் போகிறார்கள். கேட்டுவிட்டுப் போங்கள். முரசு ஏன் அங்கே அவ்வளவு கனமாக விழுகிறது என்பதற்குப் பதில் அதில் இருக்கிறது.

ஒலோடும் பிறந்தது 1979 ஏப்ரல் 25-ஆம் தேதி, இதே பெலோரின்யோவின் மாசியெல் பகுதியில். மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மொழியில் பரம்பொருளைக் குறிக்கும் 'ஒலோடுமாரே' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். என் காதில் முதலில் 'ஒலி ஓடும்' என்றுதான் விழுந்தது, அதை மாற்றிக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. அன்றைக்கு இந்தத் தெருக்கள் இன்றைய நிறத்தில் இல்லை. இடிந்த வீடுகள், அவற்றில் நெருக்கியடித்துக் குடியிருந்த ஏழைகள், பாலியல் தொழில் செய்து பிழைத்த பெண்கள். ஊர்க்காரர்கள் ஒதுங்கிப் போன பகுதி. அங்கே இருந்தவர்கள் தங்களுக்கும் ஒரு கார்னிவல் குழு வேண்டும் என்று ஆரம்பித்ததுதான் இது.

இப்படிப்பட்ட குழுக்களை அங்கே 'ப்ளோகோ ஆஃப்ரோ' என்கிறார்கள். முதல் குழு இலே ஐயே, 1974-ல் லிபெர்டாட்ஜி பகுதியில் தொடங்கியது. அதுவரை பெரிய கார்னிவல் கிளப்புகளில் கறுப்பர்களுக்கு இடம் கிடையாது. அதனால் அவர்கள் கறுப்பர்களுக்கு மட்டுமே என்று ஒரு குழு கட்டி 1975-ல் தெருவில் இறங்கினார்கள். உள்ளூர்ப் பத்திரிகை அவர்களையே இனவெறியர்கள் என்று எழுதியது. ஒலோடும் அந்த வழியில் வந்ததுதான். ஆனால் கதவைத் திறந்து வைத்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம், வெள்ளையர் உட்பட.

இலே ஐயேயிலிருந்து வந்த ஒருவர்தான் ஒலோடுமின் ஒலியையே மாற்றினார். நெகின்யோ டு சாம்பா என்று ஊர் அழைத்த முரசு ஆசான். பிரேசிலின் சாம்பா தாளத்தின் ஓட்டத்தை எடுத்து, ஜமைக்காவின் ரெகே இசையில் கிட்டார் எந்த இடத்தில் வெட்டி விழுமோ அந்த இடத்தில் சின்ன முரசுகளை விழ வைத்து, கனமான முரசுகளை மெதுவாக நடக்கவிட்டார். சாம்பா ரெகே என்று பெயர் வந்தது. அது யார் கண்டுபிடிப்பு என்று கேட்டால் பெரும்பாலோர் கைகாட்டுவது அவரைத்தான். 2009-ல் இறந்துவிட்டார். அதற்கு முன்பே இன்னொரு காரியமும் செய்து வைத்தார். முரசுக் குழுக்களில் பெண்களுக்கு இடம் அரிதாக இருந்த காலத்தில், 1993-ல், முழுக்கப் பெண்களே வாசிக்கும் டிடா என்ற குழுவைத் தொடங்கினார். அதுவும் பெலோரின்யோவிலேயே இருக்கிறது.

சரி, முதல் செவ்வாய்க்கிழமை. நான் செய்த தவறு, தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பில் மேசை போட்டிருந்த சுற்றுலா ஏஜெண்டிடம் 'ஒலோடும் இரவு' என்று ஒரு பேக்கேஜ் வாங்கியது. வேன், இரவு உணவு, வழிகாட்டி, 'மிகச் சிறந்த இடம்' எல்லாம் சேர்த்து, வாசலில் விற்ற டிக்கெட்டைப் போலப் பல மடங்கு விலை. சாப்பாடு தாமதமானது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நிகழ்ச்சி தொடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. அந்த மிகச் சிறந்த இடம் பக்கத்துக் கட்டடத்தின் மாடி. கீழே சதுக்கம் படம்போலத் தெரிந்தது. வழிகாட்டி மைக்கேல் ஜாக்சன் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். ஒலிபெருக்கி வழியாகப் பாடகர் குரலும் கீபோர்டும் நன்றாகக் கேட்டன. முரசுகள் எங்கோ தூரத்தில் கதவு தட்டுவது போல இருந்தன. செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். கான்கிரீட் தளத்தில் ஒன்றுமே வரவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

கப்பலுக்குத் திரும்பியும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. உலகம் முழுக்கப் பேசுகிற ஒரு முரசு இப்படி இருக்க வாய்ப்பில்லை. உதிரிப்பாகம் இன்னும் வரவில்லை. கேப்டனிடம் விடுப்புக் கேட்டு, வெள்ளிக்கிழமை பகலில் தனியாகப் போனேன்.

கிரெகோரியோ டி மாட்டோஸ் தெருவில் ஒலோடுமின் சொந்த வீடு இருக்கிறது. இத்தாலியில் பிறந்து பிரேசிலில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லினா போ பார்டி 1980-களின் இறுதியில் சீரமைத்துக் கொடுத்த கட்டடம். கீழே கடை. பச்சை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று ஒலோடுமின் ஐந்து நிறங்களில் டி-சட்டைகள், தொப்பிகள், சிறிய முரசுகள். பச்சை ஆப்பிரிக்கக் காட்டுக்கு, சிவப்பு இரத்தத்துக்கு, மஞ்சள் பொன்னுக்கு, கறுப்பு அந்த மக்களின் பெருமைக்கு, வெள்ளை சமாதானத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தார் கடையில் இருந்த பெண். நான் வாங்கிய டி-சட்டை இரண்டு வருடமாக எஞ்சின் ரூமின் வெப்பத்திலும் வியர்வையிலும் இருக்கிறது, நிறம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதே நாள் தெருவில் ஒருவரிடம் மருமகனுக்காகப் பாதி விலைக்கு வாங்கியது மூன்றாவது துவைப்பில் வெளுத்துவிட்டது. விலை வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். ஒலோடும் 1980-களிலிருந்தே பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி நடத்துகிறது, முரசும் நடனமும் சொல்லிக் கொடுத்து, கூடவே தங்கள் வரலாற்றையும் சொல்லிக் கொடுக்கிறது. உங்கள் காசு அந்த வீட்டுக்குள் போவதுதான் நியாயம்.

வெளியே வந்து, பக்கத்துத் தெருவில் முரசு சொல்லிக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் ஒரு மணி நேரப் பாடத்துக்குச் சேர்ந்தேன். இந்த முழுப் பயணத்திலும் நான் கொடுத்த காசில் மிக நல்ல காசு அதுதான். ஆசிரியருக்கு இருபத்தைந்து வயதிருக்கும், பள்ளிப் பிள்ளையாக இருந்தபோதே முரசு தூக்கியவர். எனக்கு ஆங்கிலம், அவருக்குப் போர்த்துக்கீசு. பாஷை தேவைப்படவில்லை. சுர்டோ என்ற பெரிய முரசை இடுப்பில் மாட்டிவிட்டார். விட்டம் 20 அங்குலத்துக்கு மேல். பஞ்சு உருண்டை கட்டிய தடி ஒன்று. மிகக் கனமான குரலில் இரண்டு சுர்டோக்கள் உண்டு. ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும். அவ்வளவுதான் அவற்றின் வேலை. அவற்றுக்கு மேலே நடுத்தர சுர்டோக்கள், இரண்டு கையாலும் தடி பிடித்து, கேள்விக்கும் பதிலுக்கும் இடையே இருக்கும் வெற்றிடத்தில் உருண்டு விளையாடும். அதற்கும் மேலே ரெபிக்கி என்ற சின்ன முரசு. மெல்லிய வளையும் குச்சிகளால் அடிப்பதால் சவுக்குப் போலச் சுள்ளென்று விழும். அப்புறம் அடித்தோலில் கம்பி ஓடும் காய்ஷா, இடைவிடாமல் மணல் சலிப்பது போல.

எனக்குக் கிடைத்தது பதில் சொல்கிற சுர்டோ. ஒரு சுற்றுக்கு ஒரே அடி. குழந்தை வேலை என்று நினைத்தேன். நாலு நிமிடத்தில் இடத்தைத் தவறவிட்டேன். ரெபிக்கி சுறுசுறுப்பாக ஓடும்போது அதன் பின்னால் ஓடிவிடத் தோன்றும். ஆசிரியர் வாசிப்பதை நிறுத்தாமலே தலையை ஆட்டி 'எஸ்குட்டா' என்றார். கேள் என்று அர்த்தம். தன் காலைத் தரையில் தட்டிக் காட்டினார். நான் அங்கேயே ஷூவைக் கழற்றினேன். கேள்வி சுர்டோ அடித்ததும் மரத்தரை ஒரு முறை மூச்சு விட்டது. அந்த மூச்சு அடங்கும் இடத்தில் என் தடியைப் போட்டேன். அதன்பிறகு தவறவில்லை. ஜெனரேட்டர் இரண்டை ஒன்றாக லைனில் சேர்க்கும்போது, ஒன்றின் அலை மற்றதன் அலையோடு சேரும் நொடிக்காகக் காத்திருந்து சுவிட்சைப் போடுவோம். கையில் கிடைத்த நிதானம் அதேதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை யாருடனும் சேராமல் மாலை ஆறு மணிக்கே மேல் ஊரில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை அங்கே ஆசீர்வாத நாள். பெலோரின்யோ சரிவின் நடுவில் நீல நிறத்தில் ஒரு தேவாலயம், கறுப்பர்களின் ஜெபமாலை மாதா கோயில். அடிமைகளும் விடுதலை பெற்ற கறுப்பர்களும் சேர்ந்து தங்களுக்கென்று, வேலை முடிந்த நேரங்களில் கட்டியது. கட்டி முடிக்க ஏறக்குறைய நூறு வருடம் பிடித்தது. ஆறு மணிப் பூசைக்கு அங்கே முரசு வாசிக்கிறார்கள். காணிக்கை நேரத்தில் ரொட்டிக் கூடைகளைத் தலையில் வைத்து ஆடியபடி வந்தார்கள். ஒலோடுமைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து இங்கிருந்து ஆரம்பியுங்கள். இரவு கேட்கப் போவது எந்த வயிற்றிலிருந்து வந்தது என்று தெரியும்.

பூசை முடிந்து, வெள்ளை உடையில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அகராஜே வாங்கிச் சாப்பிட்டேன். காராமணியை ஊறவைத்து அரைத்து, சிவப்புப் பனை எண்ணெயில் பொரித்த வடை. நடுவில் கீறி, இறாலும் ஒரு மசியலும் வைத்து, காரம் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும் என்று சொல்லுங்கள், நம் நாக்குக்கு அது அளவான காரம்தான்.

நிகழ்ச்சி நடந்தது தெரேசா பாட்டிஸ்டா சதுக்கத்தில். ஜோர்ஜ் அமாடோவின் நாவல் நாயகி ஒருத்தியின் பெயர் அது. வீடுகளின் கொல்லைப்புறங்களை இணைத்து உண்டாக்கிய முற்றம் போல நாலு பக்கமும் அடைந்த இடம். டிக்கெட்டை வாசலிலேயே வாங்கினேன். கார்னிவல் நெருங்க நெருங்க விலை ஏறும், கூட்டமும் ஏறும், அதனால் சீக்கிரம் போங்கள். மேடைக்கு எதிரே நடுவில் எல்லோரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். நான் அங்கே போகவில்லை. முரசுக்காரர்கள் வரிசையாக நின்ற பக்கமாக, சுர்டோக்களுக்கு இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இடம் பிடித்தேன்.

முதல் அடி விழுந்தபோது அதைக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. நெஞ்செலும்பு அசைந்தது. கால் கீழே கல்தரை. ஒரு சுர்டோ கேட்டது, மற்றது சொன்னது. கற்கள் இரண்டையும் பாதத்துக்குக் கொண்டுவந்தன. முன்னால் நின்ற ஆசான் விசிலை வாயில் வைத்தபடி விரல்களால் ஏதோ காட்டினார். நடுத்தர சுர்டோக்கள் அத்தனையும் ஒரே கணத்தில் வேறு நடைக்கு மாறின. அடி குறைவாக விழும் நேரங்களில் முரசுக்காரர்கள் தடிகளை மேலே வீசிப் பிடித்தார்கள், முரசையே தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினார்கள், அடுத்த அடி விழ வேண்டிய இடத்தில் தவறாமல் விழுந்தது. என் கைக்கடிகாரத்தை வைத்து எண்ணினேன். மெதுவான பாட்டு ஒன்று நிமிடத்துக்கு 90 அடியை ஒட்டி நடந்தது. எங்கள் கப்பலின் பிரதான எஞ்சின் முழு வேகத்தில் சுற்றும் எண்ணிக்கையும் அங்கேதான். மாதக்கணக்கில் நான் தூங்கி எழும் தாளம் அது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை, பக்கத்தில் ஒரு பாட்டி கைகளை விரித்து அழுதுகொண்டேதான் ஆடினார்.

எகிப்தின் ஃபாரோ மன்னர்களைப் பற்றிய பாட்டு வந்தபோது மேடையில் யாரும் பாட வேண்டியிருக்கவில்லை. சதுக்கமே பாடியது. 1987 கார்னிவலுக்காக எழுதப்பட்ட பாட்டு அது. ஒலோடும் ஒவ்வொரு வருடமும் ஒரு கருப்பொருள் எடுக்கும். எகிப்து, மடகாஸ்கர், எத்தியோப்பியா என்று. அந்த நாட்டைப் பற்றிப் படித்துத் தொகுத்து, பாட்டு எழுதுகிறவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஆப்பிரிக்காவைப் பற்றி அடிமைக் கப்பல் தவிர எதுவும் சொல்லித் தராத காலத்தில், இந்தத் தெருப் பிள்ளைகள் ஃபாரோக்களின் பெயரை மனப்பாடமாகப் பாடினார்கள். எகிப்து ஆப்பிரிக்காவில்தானே இருக்கிறது, அந்தப் பிரமிடுகளில் நமக்கும் பங்குண்டு என்பதுதான் அதன் உள்ளர்த்தம். இசைத்தட்டு வருவதற்கு முன்பே, வாய் வழியாகவே, முழு நகரமும் பாடத் தொடங்கிவிட்டது. பிறகு அதைப் பதிவு செய்து பெரிய அளவில் கொண்டுபோனவர்களில் ஒருவர் பாடகி மார்கரெத் மெனேசெஸ். அவர் 2023-ல் பிரேசிலின் பண்பாட்டு அமைச்சர் ஆனார். ஒலோடுமைப் பல வருடம் தலைமை தாங்கி நடத்திய ஜுவாவ் ஜோர்ஜி, கறுப்பர் பண்பாட்டுக்கான அரசு அமைப்பான பால்மாரெஸ் அறக்கட்டளைக்கு அதே வருடம் தலைவரானார். ஒதுக்கப்பட்ட ஒரு தெருவின் முரசு இவ்வளவு தூரம் போயிருக்கிறது.

வெளிநாட்டுப் பிரபலங்களைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். 1990-ல் வந்த அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் ஆல்பத்தில் முதல் பாட்டே ஒலோடுமின் முரசோடுதான் திறக்கிறது. அந்த முரசை ஸ்டூடியோவில் பதியவில்லை, பெலோரின்யோவில் திறந்தவெளியிலேயே பதிந்தார்கள். 1996-ல் ஒரு பாட்டின் வீடியோவுக்காக மைக்கேல் ஜாக்சன் வந்தார், ஸ்பைக் லீ இயக்கினார், ஏறக்குறைய இருநூறு முரசுக்காரர்கள் இதே சரிவில் வாசித்தார்கள். ஜாக்சன் ஒலோடுமின் டி-சட்டை போட்டுக்கொண்டு ஆடினார். ரியோவில் படமெடுக்க வேண்டிய பகுதியை, ஏழ்மையைக் காட்டி நாட்டின் பெயரைக் கெடுக்கும் என்று சொல்லி அங்கிருந்த அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். சால்வடோரில் ஜாக்சன் தோன்றிய மாடியில் இன்றைக்கும் ஆட்கள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். நான் நிற்கவில்லை. அந்த வீடியோவைத் திரும்பப் பாருங்கள், சரிவு முழுக்க நிறைந்து நிற்கிற முரசுகளைப் பாருங்கள். வந்தவர்தான் அவர்களுடைய தாளத்துக்கு ஆடுகிறார்.

ஆனால் எனக்கு மனதில் தங்கிய செல்வாக்கு வேறு. சால்வடோரைத் தலைநகராகக் கொண்ட பாஹியா மாநிலத்தில் 1980-களின் நடுவில் எழுந்த ஆஷே இசை, 1990-களில் டானியெலா மெர்குரி போன்ற பாடகர்கள் வழியாக நாடு முழுக்கப் பரவியபோது, அதன் அடியில் ஓடியது இந்த சாம்பா ரெகே. பாஹியாவிலிருந்து பாரிஸ் போன ஒருவர் 1997-ல் ஆரம்பித்த பட்டாலா குழுவுக்கு இப்போது பல நாடுகளில் கிளைகள். முரசு அடித்தே பழக்கமில்லாத ஆபீஸ் ஊழியர்கள், ஆசிரியைகள் எல்லாம் அதில் சுர்டோ தூக்குகிறார்கள். காரணம் எளிது. இந்தத் தாளத்தில் ஒரு அடி மட்டுமே தெரிந்தவனுக்கும் வேலை இருக்கிறது. அந்த ஒரு அடி இல்லையென்றால் மொத்தமும் சாய்ந்துவிடும். ஒரு மணி நேரம் தூக்கிப் பார்த்தவன் என்பதால் இதை நிச்சயமாகச் சொல்கிறேன்.

ஒரு வருத்தமும் உண்டு. பெலோரின்யோ 1985-ல் உலக மரபுச் சின்னமானது. 1990-களில் அரசு வீடுகளைச் சீரமைத்து நிறம் பூசியபோது, ஆயிரக்கணக்கில் குடியிருந்தவர்களை வெளியேற்றியது. ஒலோடும் யாருக்காகப் பிறந்ததோ அந்தக் குடும்பங்களில் பல நகரத்தின் ஓரங்களுக்குப் போய்விட்டன. இப்போது அந்த வீடுகளில் கடைகளும் விடுதிகளும். இரவு முரசு ஓய்ந்ததும் தெரு சட்டென்று காலியாகிறது, ஏனென்றால் அங்கே வசிப்பவர்கள் குறைவு. சதுக்கத்தை விட்டு வெளியேறும்போது அந்த அமைதி எனக்குக் கனமாக இருந்தது. பாதுகாப்புக்காகவும் சொல்கிறேன், கூட்டம் கலையும்போதே கிளம்பிவிடுங்கள், இருண்ட சந்துகளில் தனியாகச் சுற்ற வேண்டாம்.

இசைத்தட்டுகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1987-ல் வந்த முதல் ஆல்பம் ஏறக்குறைய முரசும் குரலும் மட்டும்தான். ஒருவர் பாட, கூட்டம் பதில் பாட, அடியில் சுர்டோக்கள். பின்னால் வந்த ஆல்பங்களில் கிட்டாரும் கீபோர்டும் ஊதுகருவிகளும் சேர்ந்தன. வானொலிக்கு அவை நன்றாகப் போயின, ஆடவும் நன்றாக இருக்கும். எனக்கு முதல் ஆல்பம்தான் ஒலோடும். புதிதாகக் கேட்பவர்கள் அதிலிருந்து ஆரம்பியுங்கள். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்க வேண்டாம். சுர்டோவின் அடிச்சத்தம் நூறு ஹெர்ட்ஸுக்கும் கீழே கிடக்கிறது, போன் ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. ரெபிக்கியின் சுள்ளென்ற சத்தம் மட்டும் கேட்கும், பாதி முரசு காணாமல் போயிருக்கும்.

சதுக்கத்தில் நான் நின்ற இடத்தில் நிற்கப் போகிறவர்கள் நுரைக் காதடைப்பான் ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். ரெபிக்கி இரண்டு மணி நேரம் காதருகே விழுந்தால் காது நிச்சயம் பாதிக்கப்படும், என் தொழிலில் செவி இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சுர்டோவுக்குக் காதடைப்பான் தடையில்லை. கனமான ஷூ வேண்டாம், மெல்லிய அடிப்பாகம் உள்ள செருப்பு போதும்.

உதிரிப்பாகம் வியாழக்கிழமை வந்தது, வெள்ளிக்கிழமை கிளம்பினோம். கடலுக்கு வந்த இரண்டாம் இரவு, கேபினில் அந்த முதல் ஆல்பத்தைப் போட்டேன். மேசையில் இருந்த ஸ்பீக்கரில் மாடியில் கேட்ட அதே தூரத்துச் சத்தம்தான் வந்தது. எடுத்து இரும்புத் தரையில், முகம் கீழே பார்க்க வைத்தேன். வெறுங்காலோடு பக்கத்தில் நின்றேன். எஞ்சினின் நடையும் சுர்டோவின் நடையும் ஒன்றையொன்று தேடி, சில நிமிடத்துக்கு ஒருமுறை சேர்ந்து, மறுபடி விலகின. பக்கத்துக் கேபின் ஆயிலர், ராமநாதபுரத்துப் பையன், கதவைத் தட்டினான். "செகண்ட் சார், கீழே ஏதாவது பேரிங் போயிடுச்சா? தரை அதிருது" என்றான். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னேன்.